பதினான்காம் தெருவின் திருப்பங்கள்: மன்ஹாட்டன் பேருந்துத் தடம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2019 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில், பதினான்காம் தெருவில் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. அன்றைக்கே அந்தத் தெருவில் ஓடும் எம்14 பஸ்கள் கால அட்டவணையை முந்திக்கொண்டு ஓடின. நேரத்துக்கு முன்பே நிறுத்தங்களைத் தாண்டிவிடக் கூடாதே என்று ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. முந்தைய ஆண்டு இதே தெருவில் மூன்றாம் அவென்யூவிலிருந்து எட்டாம் அவென்யூ வரைக்கும் (அவென்யூக்கள் தெருவுக்குக் குறுக்கே வடக்கு-தெற்காகப் போகும் சாலைகள்), ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டரைக் கடக்க, பஸ்ஸுக்குச் சராசரியாக 15 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் எட்டி நடை போட்டால் பஸ்ஸோடு சேர்ந்தே போய்விடலாம் என்ற நிலை.

பலர் இதைக் கார்களுக்கான தடை என்று பேசினார்கள். கார் தடை செய்யப்படவில்லை. தெருவிலுள்ள எந்தக் கட்டடத்துக்கும் காரில் வரலாம். ஆளை இறக்கலாம், ஏற்றலாம், சாமான் எடுத்துப் போகலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, மூன்றாம் அவென்யூவுக்கும் ஒன்பதாம் அவென்யூவுக்கும் நடுவில், நேராகப் போய்க்கொண்டே இருக்கும் உரிமை மட்டும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுக்கப்பட்டது. கார் இடப்பக்கம் திரும்பக் கூடாது. உள்ளே வந்த கார் அடுத்து எங்கே வலப்பக்கம் திரும்ப வழியுண்டோ அங்கே திரும்பி வெளியேறிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இந்தத் தெருவைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் பஸ்ஸுக்கென்று சிவப்பு வண்ணம் அடித்த தடத்தைப் பற்றியும், குடியிருப்போர் தொடுத்த வழக்குகளைப் பற்றியும்தான். வேலையைச் செய்தது திருப்ப விதி என்பது என் முடிவு. தடத்துக்கு வண்ணம் அடித்துவிட்டு, திருப்பங்களை அப்படியே விட்டிருந்தால் இங்கே பேச ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு கார் திரும்பக் காத்திருக்கும்போது

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அங்கே இடது திருப்பம் என்பது எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து போவது. நம் ஊரில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று நிற்காமல் ஒடித்துக்கொண்டு போகிறோமே, அது இதுவல்ல. நமக்கு இதற்கு இணையானது வலது திருப்பம். இதைப் படிக்கும்போது மனதுக்குள் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேற்கு நோக்கிப் போகும் ஒரு கார் ஏழாம் அவென்யூவில் தெற்கே திரும்ப நினைக்கிறது. சிக்னல் பச்சை. எதிரே கிழக்கு நோக்கி வண்டிகள் இடைவிடாமல் வருகின்றன. கார் ஜங்ஷனின் நடுவில் போய், சக்கரத்தை ஒடித்து வைத்துக்கொண்டு இடைவெளிக்குக் காத்து நிற்கிறது. இடைவெளி கிடைத்தாலும் திரும்பிய இடத்தில் பாதசாரிகள் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் அதே பச்சைதான். கடைசியில் சிக்னல் மஞ்சளுக்கு மாறும் நொடிகளில் ஒன்றிரண்டு கார்கள் திரும்பிவிடும். மற்றவை அடுத்த சுற்றுக்கு.

அந்த காருக்குப் பின்னால் இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். உள் தடத்தில் அடைபட்ட கார்கள் வெளித் தடத்துக்கு ஒதுங்கும். வெளித் தடத்தில்தான் பஸ் வருகிறது. அங்கேதான் சரக்கு இறக்கும் வேன் இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். இடப்பக்கம் திரும்ப நிற்கும் ஒரு கார், வலப்பக்க ஓரத்தில் வரும் பஸ்ஸை நிறுத்துவது இப்படித்தான். பஸ்ஸில் 40 பேர் இருந்து, மன்ஹாட்டனில் வழக்கமான 90 விநாடி சிக்னல் சுற்று ஒன்று வீணானால், மொத்தமாக ஒரு மணி நேரம் போயிற்று. காரில் இருப்பவர் அதை உணர்வதே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது எதிரே வரும் வண்டிகள் மட்டும்.

உயிர்ச் சேதக் கணக்கும் உண்டு. நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை 2016-ல் இடது திருப்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. வலது திருப்பங்களில் இறக்கும் பாதசாரிகள், சைக்கிள்காரர்களைப்போல இரு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் இடது திருப்பங்களில் இறக்கிறார்கள் என்பது அதன் கண்டுபிடிப்பு. காரணம் விளங்காததல்ல. இடப்பக்கம் திரும்புகிறவர் அகலமான வளைவில், வேகமாகத் திரும்புகிறார். அவர் கவனம் எதிர்வரும் வண்டிகளின் இடைவெளியில் இருக்கிறது. காரின் முன்தூண் அந்தப் பக்கப் பார்வையை மறைக்கிறது.

பதினான்காம் தெருவில் இது இத்தனை கடுமையாக இருந்ததற்கு அந்தத் தெருவின் அமைப்பே காரணம். மன்ஹாட்டனின் கட்டத் தெருக்கள் 1811-ஆம் ஆண்டின் ஆணையர்கள் திட்டப்படி வரையப்பட்டவை. சாதாரணக் குறுக்குத் தெருக்களுக்கு 60 அடி அகலம். பதினான்கு, இருபத்து மூன்று, முப்பத்து நான்கு, நாற்பத்து இரண்டு என்று சில தெருக்களுக்கு மட்டும் 100 அடி. குறுகிய தெருக்கள் ஒருவழிப் பாதைகள். அகலமான இந்தத் தெருக்களில் இருவழிப் போக்குவரத்து. ஒருவழித் தெருவிலிருந்து இன்னோர் ஒருவழித் தெருவுக்கு இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வண்டியே கிடையாது. இருவழித் தெருவில்தான் இடது திருப்பம் சிக்கலாகிறது. ஊர் முழுக்க ஒருவழியாக இருக்க, எல்லாருடைய மோதலும் வந்து சேரும் இடமாகப் பதினான்காம் தெரு ஆகிவிட்டிருந்தது.

சுரங்கத்தில் தொடங்கிய கதை

இந்தத் தெருவுக்கு அடியில் ‘எல்’ ரயில் ஓடுகிறது. அப்போது நாளொன்றுக்கு சுமார் 4 லட்சம் பேர் பயணம் செய்த பாதை. அவர்களில் ஏறக்குறைய 2.25 லட்சம் பேர் கிழக்கு ஆற்றுக்கு அடியிலுள்ள கனார்சி சுரங்கம் வழியாகப் புரூக்ளினுக்கும் மன்ஹாட்டனுக்கும் போய்வந்தவர்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது அந்தச் சுரங்கத்துக்குள் 70 லட்சம் கேலன் உப்பு நீர் புகுந்தது. நீரை இறைத்தாயிற்று; உப்பு கேபிள்களையும் காங்கிரீட்டையும் அரித்துக்கொண்டே இருந்தது. 2016-ல் எம்.டி.ஏ. போக்குவரத்து ஆணையம் முடிவை அறிவித்தது: சுரங்கத்தை முழுவதுமாக மூடித்தான் பழுதுபார்க்க வேண்டும். பிறகு முடிவான மூடும் நாள் 2019 ஏப்ரல் கடைசி. காலம் 15 மாதம்.

இத்தனை பேரும் தரைக்கு மேலே வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் பிறந்ததுதான் பதினான்காம் தெருப் பேருந்துத் தடம். பஸ்கள் மட்டும் போகும் தெருவாக அதை ஆக்குவது, பன்னிரண்டாம் பதின்மூன்றாம் தெருக்களில் சைக்கிள் தடம் போடுவது, வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் மூவராவது இருக்கும் கார்களை மட்டும் அனுமதிப்பது எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள்.

2019 ஜனவரி 3 அன்று நியூயார்க் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். சுரங்கத்தை முழுக்க மூட வேண்டியதில்லை என்று அறிவித்தார். கொலம்பியா, கார்னெல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர்கள் சொன்ன வழி: சிதைந்த காங்கிரீட் மேடைக்குள் கேபிளைப் புதைக்காமல் சுவரில் தாங்கி அடித்துத் தொங்கவிடுவது. இரவிலும் வார இறுதியிலும் மட்டும் வேலை நடந்தால் போதும்.

இதில் பயணிகளுக்குக் கிடைத்த நிம்மதியை மறுக்க முடியாது. ஆனால் ரயிலுக்காகத்தான் பேருந்துத் தடம் என்று அதுவரை சொல்லிவந்த நகராட்சிக்கு அந்தக் காரணம் ஒரே நாளில் போய்விட்டது. உண்மையில் எம்14ஏ, எம்14டி பஸ்களில் ஏற்கெனவே நாளொன்றுக்கு சுமார் 27,000 பேர் போய்க்கொண்டிருந்தார்கள். சுரங்கம் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவர்கள் பஸ் ஊர்ந்துதான் போனது. மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியின் அடுக்குமாடிகளில் வசிக்கும் முதியவர்கள் பலருக்கு ரயில் நிலையம் தொலைவு, பஸ்தான் கதி. அந்த 27,000 பேருக்காகவே இந்தத் தடம் வேண்டும் என்று முதலிலேயே வாதாடியிருந்தால், ஆளுநரின் அறிவிப்புக்குப் பிறகு திட்டம் அந்தரத்தில் தொங்கியிருக்காது.

டொரண்டோவிலிருந்து வந்த விதி

தொங்கிய திட்டத்துக்குக் கைகொடுத்தது கனடாவின் டொரண்டோ நகரம். அங்கே கிங் தெருவில், பாதர்ஸ்ட் தெருவுக்கும் ஜார்விஸ் தெருவுக்கும் இடையே 2.6 கிலோமீட்டரில், 2017 நவம்பரில் ஒரு முன்னோட்டம் தொடங்கியிருந்தது. அங்கே ஓடுவது டிராம். தெரு குறுகியது, இரு பக்கமும் சேர்த்து நான்கே தடங்கள், டிராமுக்குத் தனித்தடம் கட்ட இடமில்லை. ஆகவே அவர்கள் கட்டுமானத்தை விட்டுவிட்டுத் திருப்பத்தில் கை வைத்தார்கள். பெரும்பாலான ஜங்ஷன்களில் கார் நேராகப் போகக் கூடாது, இடப்பக்கம் திரும்பக் கூடாது. வலப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். காருக்குத் தெருவுக்குள் வர அனுமதி உண்டு. தெருவை ஊடுருவிப் போக அனுமதியில்லை.

செலவு அதிகமில்லை, பலகைகள், வண்ணக்கோடு, காங்கிரீட் தடுப்புகள் போன்றவைதான். வார நாள்களில் 72,000 ஆக இருந்த பயணிகள் எண்ணிக்கை 84,000-ஐத் தொட்டது. சில உணவக உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2018 குளிர்காலத்தில் ஒருவர் நடுவிரலை நீட்டிய பனிச்சிற்பத்தைக் கடை வாசலில் வைத்தார். 2019 ஏப்ரலில் நகர மன்றம் பெரும்பான்மை வாக்கில் அதை நிரந்தரமாக்கியது.

டொரண்டோவின் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைமை வகித்துவந்த ஆண்டி பைஃபோர்ட், முன்னோட்டம் தொடங்கிய சில வாரங்களில் நியூயார்க் வந்து 2018 ஜனவரியில் அங்கே பஸ், ரயில் நிர்வாகத்தின் தலைவரானார். நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறையும் கிங் தெருவைத் தன் முன்மாதிரியாக வெளிப்படையாகவே சொன்னது. டொரண்டோ மன்றம் வாக்களித்த அதே மாதத்தில் மேயர் பில் டி பிளாசியோ பதினான்காம் தெருவுக்கு 18 மாத முன்னோட்டத்தை அறிவித்தார். பழைய திட்டத்தில் லாரிக்கு இவ்வளவு இடமில்லை. புதியதில் லாரியும் பஸ்ஸோடு சேர்ந்தது. கடைக்காரர்களின் பெரிய கவலை ஒன்று அதனால் தணிந்தது.

விதி தெருவில் எப்படி நடக்கிறது என்று ஒரு காரைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஐந்தாம் அவென்யூவிலிருந்து ஒரு டாக்சி பதினான்காம் தெருவுக்குள் மேற்கே நுழைகிறது. பாதி வழியில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் முதியவர் ஒருவரை இறக்குகிறது. அடுத்து ஆறாம் அவென்யூ. அது வடக்கு நோக்கிய ஒருவழி. டாக்சி அங்கே வலப்பக்கம் திரும்பி வெளியேற வேண்டும். பயணிக்கு ஏழாம் அவென்யூவில் தெற்கே போக வேண்டியிருந்தால்? முன்பு நேராகப் போய் ஏழாம் அவென்யூவில் இடப்பக்கம் திரும்பியிருப்பார். இப்போது ஆறாம் அவென்யூவில் வடக்கே ஏறி, பதினைந்தாம் தெருவில் மேற்கே திரும்பி, ஏழாம் அவென்யூவில் தெற்கே இறங்க வேண்டும். கடைசி இரண்டும் இடது திருப்பங்கள்தான். ஆனால் இரண்டும் ஒருவழியிலிருந்து ஒருவழிக்கு. எதிரே வண்டி வராது, பின்னால் நாற்பது பேரோடு பஸ் நிற்காது. மோதலை அது இல்லாத இடத்துக்கு நகர்த்தும் இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த டாக்சி இப்போது பதினைந்தாம் தெருவில் வசிப்பவரின் ஜன்னலுக்குக் கீழே போகிறது.

நீதிமன்றத்தில்

எதிர்ப்பு வந்தது அங்கிருந்துதான். கிரீன்விச் வில்லேஜ், செல்சி, ஃபிளாட்டயர்ன் பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன. வழக்கறிஞர் ஆர்தர் ஷ்வார்ட்ஸ் அவர்களுக்காக வழக்குத் தொடுத்தார். வாதத்தின் சாரம் இது: பதினான்காம் தெருவின் கார்கள் காற்றில் கரைந்துவிடாது, 100 அடித் தெருவிலிருந்து விரட்டப்பட்டவை 60 அடித் தெருக்களுக்குள் புகும், பழைமையான குடியிருப்புப் பகுதியில் புகையும் இரைச்சலும் கூடும். நியூயார்க் மாநிலத்தின் 1975-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் மதிப்பாய்வுச் சட்டப்படி, இதையெல்லாம் முன்கூட்டியே ஆராய்ந்திருக்க வேண்டும், நகராட்சி ஆராயவில்லை.

இதைப் பணக்காரர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே சொன்ன டாக்சியின் சுற்றுப்பாதையை வைத்துப் பார்த்தால் அவர்களின் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. தன் தெருவில் என்ன மாறும் என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. என் குறை வேறு இடத்தில். அச்சம் சரியா தவறா என்பதைத் தெருவில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்னோட்டம் என்பதே அதற்காகத்தான். வழக்கு அந்த எண்ணிப் பார்த்தலைத்தான் தள்ளிப்போட்டது. காற்றைக் காக்க எழுதிய சட்டம் பஸ்ஸுக்கு எதிராக நின்றது. கார்களுக்கு அந்தத் தெரு இத்தனை காலம் திறந்து கிடந்ததற்கு யாரும் மதிப்பாய்வு கேட்டதில்லை.

2019 ஜூலை 1 அன்று எல்லாம் சேர்ந்து தொடங்குவதாக இருந்தது. அதற்குச் சற்று முன்பே நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தடை நீங்கியது. 12-ஆம் தேதி தொடங்கலாம் என்று நகராட்சி தயாரானது. 9-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிபதி மறுபடி நிறுத்திவைத்தார். செப்டம்பர் கடைசியில் மேல்முறையீட்டு அமர்வு அனுமதித்தது. மூன்று மாதம் போயிற்று. குடியிருப்போருக்கு வழக்கறிஞர் இருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு வழக்கறிஞர் கிடையாது. பயணிகள் அமைப்புகள் வாசலில் நின்று குரல் கொடுத்தன. அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

என்ன நடந்தது

முதல் மாதக் கணக்கு: மூன்றாம் அவென்யூ முதல் எட்டாம் அவென்யூ வரை, முந்தைய அக்டோபரில் 15 நிமிடமாக இருந்த பயணம் பத்தரை நிமிடத்துக்கு வந்தது. வார நாள் பயணிகள் 17 சதவீதம் கூடினார்கள். நாலரை நிமிடம் பெரிதா என்று கேட்கலாம். தினமும் இரு முறை போகிறவருக்கு ஒன்பது நிமிடம். அதைவிட முக்கியம், எந்த நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டித் தெரிவது. டயாலிசிஸுக்குப் போகிறவரும் ஷிப்டு மாறுகிறவரும் சராசரி நேரத்தை நம்பிக் கிளம்புவதில்லை. மிக மோசமான நாளை மனதில் வைத்துத்தான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த நாலரை நிமிடம் முழுவதையும் பேருந்துத் தடத்தின் கணக்கில் எழுதக் கூடாது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 1 முதல் எம்14 ‘செலக்ட் பஸ் சர்வீஸ்’ ஆக மாறிவிட்டது. நிறுத்தத்திலுள்ள இயந்திரத்தில் முன்கூட்டியே கட்டணம் செலுத்திவிட்டு எல்லாக் கதவுகளிலும் ஏறலாம். சில நிறுத்தங்கள் எடுக்கப்பட்டன. முதியோர் எதிர்த்ததால் எடுக்க நினைத்தவற்றில் சில தப்பின. 2018 அக்டோபரையும் 2019 அக்டோபரையும் ஒப்பிடும்போது இந்த மாற்றங்களின் பலனும் சேர்ந்தே வருகிறது. ஆதரவாளர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டார்கள். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அக்டோபர் 3 அன்று ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்க நேர்ந்ததற்கு ஜூலையில் வந்த மாற்றம் காரணமாக முடியாது. முந்தைய நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே மாறியது தெருவிதி மட்டும்.

பக்கத்துத் தெருக்கள்? போக்குவரத்துத் தரவு நிறுவனமான இன்ரிக்ஸ் தொடக்க வாரங்களில் பார்த்தபோது அங்கே வேகத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் தென்படவில்லை. நகராட்சி அமர்த்திய சாம் ஷ்வார்ட்ஸ் பொறியியல் நிறுவனமும் தொடர்ந்து அளந்தது (வழக்குத் தொடுத்த ஷ்வார்ட்ஸ் வேறு). பயண நேரம் கூடிய தெருக்களிலும் அந்த ஏற்றம் சிறிதே. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்.

அப்படியானால் கார்கள் எங்கே போயின? போக்குவரத்துப் பொறியாளர்கள் இதை ‘ஆவியாதல்’ என்கிறார்கள். மாயம் ஒன்றுமில்லை. பதினான்காம் தெரு நேராகப் போக வசதியாக இருந்ததால்தான் பலர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வசதி போனதும் ஒருவர் வேறு குறுக்குத் தெருவுக்குப் போகிறார், ஒருவர் நேரத்தை மாற்றுகிறார், ஒருவர் ரயிலில் போகிறார், ஒருவர் வெளியேறும் அவென்யூவிலேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறார். அதோடு, பயணத்தின் தொடக்கத்திலேயே பாதை மாறுகிறவர் பதினைந்தாம் தெருவுக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. ஊடுருவிப் போகும் போக்குவரத்து குறைந்ததால்தான் மிச்சமிருந்த வலது திருப்பங்களும் பஸ்ஸைத் தடுக்கவில்லை. வலப்பக்கம் திரும்பும் காரும் பாதசாரிகளுக்காக நிற்கத்தான் வேண்டும். அப்படிக் காத்திருப்பவை ஒன்றிரண்டாக இருந்தால் பஸ் தாங்கும். வரிசையாக நின்றால் தாங்காது.

இந்த முடிவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. நகரம் வெறிச்சோடியது. 18 மாத முன்னோட்டத்தில் இயல்பான காலம் ஆறு மாதம்கூட இல்லை. அந்த ஆண்டு ஜூனில் மேயர் தடத்தை நிரந்தரமாக்கினார். அத்தியாவசியப் பணியாளர்கள் பஸ்ஸை நம்பியிருப்பதைக் காரணம் காட்டி வேறு தெருக்களுக்கும் இதை நீட்டினார். முடிவு சரி என்றே நினைக்கிறேன். இருந்தும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு உறுதியளித்த முழு அளவீடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

விதியைக் காப்பது

முதல் நாள்களில் ஜங்ஷனுக்கு ஜங்ஷன் போலீசார் நின்று கார்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியே என்றைக்கும் நிற்க முடியாது. 2019-இன் பிற்பகுதியில் எம்14 பஸ்களின் முகப்பிலேயே கேமரா பொருத்தப்பட்டது. தடத்தை மறித்து நிற்கும் வண்டியின் எண்ணை அது படம் பிடிக்கும். அபராதம் 50 டாலரில் தொடங்கும். ஓராண்டுக்குள் திரும்பத் திரும்பச் செய்தால் 250 டாலர் வரை ஏறும். அனுமதிக்கப்பட்ட திருப்பத்துக்காகத் தடத்துக்குள் வந்தவருக்கு அபராதம் போய்விடக் கூடாது என்பதால், ஒரு படத்தோடு நிறுத்தாமல் காணொளி, இடம், நேரம் என்று பல சான்றுகளைச் சேர்க்கிறார்கள். திருப்பம் எது, ஊடுருவல் எது என்று பிரிப்பதுதான் இங்கேயும் சிக்கல்.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் டொரண்டோவே சாட்சி. கிங் தெருவில் பலகைகள் அப்படியே இருந்தன. அமலாக்கம் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. 2023-ல் பக்கத்து குயின் தெருவில் சுரங்க ரயில் கட்டுமானம் தொடங்கியதும் கார்கள் கிங் தெருவில் குவிந்தன; நேராகவும் போயின, இடப்பக்கமும் திரும்பின. டிராம்கள் ஊர்ந்தன. அந்த ஆண்டின் கடைசியில் ஜங்ஷன்களில் போக்குவரத்து ஊழியர்களை நிறுத்திய பிறகுதான் நேரம் மீண்டது. தண்டவாளமும் டிராமும் பலகையும் எதுவும் மாறவில்லை. திருப்ப விதியை யாரேனும் காத்தார்களா என்பது மட்டுமே இரு நிலைகளுக்கும் வித்தியாசம்.

பிரான்க்ஸ்

பதினான்காம் தெருவைத் தொடர்ந்து புரூக்ளினின் ஜே தெரு, குயின்ஸில் ஃபிளஷிங் மெயின் தெரு, மன்ஹாட்டனின் வட முனையில் 181-ஆம் தெரு ஆகியவற்றுக்கும் இதே வகைத் தடம் வந்தது. ஃபிளஷிங்கில் சிறுகடைக்காரர்கள் வழக்கும் போராட்டமும் நடத்தினார்கள். 2021 தொடக்கத்தில் அங்கும் தொடங்கியது.

நகரின் இன்னொரு பகுதியான பிரான்க்ஸின் ஃபோர்டம் சாலைக்கு அது வரவில்லை. நாளொன்றுக்கு அங்கே பஸ்ஸில் போகிறவர்கள் சுமார் 85,000 பேர் என்று நகராட்சியே கணக்குச் சொன்னது. பதினான்காம் தெருவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நகரத்தின் முதல் ‘செலக்ட் பஸ் சர்வீஸ்’ 2008-ல் தொடங்கியது அந்தச் சாலையில்தான். அன்றிலிருந்தே அங்கே பேருந்துத் தடமும் இருக்கிறது. நடைபாதையை ஒட்டிய தடம்; வண்ணம் உண்டு, எழுத்து உண்டு. திரும்பக் காத்திருக்கும் கார்களும், சரக்கு இறக்கும் வண்டிகளும், இரண்டாம் வரிசையில் நிற்கும் வண்டிகளும் அதை நிரப்பிக்கொள்கின்றன. பஸ் வெளியே வந்து நெரிசலில் கலக்கிறது.

இதைச் சரிசெய்ய, பதினான்காம் தெருவை ஒத்த மாற்றம் உட்படச் சில வழிகளை நகராட்சி முன்வைத்தது. தாவரவியல் பூங்கா, மிருகக்காட்சிசாலை, ஃபோர்டம் பல்கலைக்கழகம், வணிகர் அமைப்பு ஆகியவை எதிர்த்தன. கார்கள் பக்கத்துத் தெருக்களில் புகும், வருகிறவர்கள் குறைவார்கள் என்ற அதே வாதம். 2023-ல் மேயர் எரிக் ஆடம்ஸின் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. மன்ஹாட்டனில் மூன்று மாதம் நீதிமன்றத்தில் நின்ற பிறகாவது அந்த வாதம் தெருவில் சோதிக்கப்பட்டது. 85,000 பேர் போகும் சாலையில் ஒரு மாத முன்னோட்டம்கூட நடத்திப் பார்க்கவில்லை.